பக்கத்தின் அடியில் ஒரு நிழல்

கண்ணைப் பற்றி யாருக்கும் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. என் கண்ணையே கிட்டத்தட்டக் கோட்டை விட்டவன் நான். இருந்தாலும் எழுதுகிறேன். புத்தகப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை நான் செய்தேன், அதுவும் ஒரே மாதத்தில் மூன்று தடவை. இன்னொருத்தர் அதைச் செய்யாமல் இருந்தால் நல்லது.

முதலில் புள்ளிகள் வந்தன. படிக்கிற பக்கத்தில் அங்கங்கே பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளையும் மலிவுப் பதிப்புகளையும் படிக்கிறவனுக்கு அந்தத் தாளின் லட்சணம் தெரியும். வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கும், மை சிதறியிருக்கும், சில சமயம் ஒரு கொசுவே அச்சாகியிருக்கும். தாள் இவ்வளவு மட்டமாகப் போய்விட்டதே என்று ஒரு பத்திரிகைக்குப் போஸ்ட் கார்டு எழுதிப் போட்டேன்.

அடுத்தது மின்னல். படித்துக்கொண்டிருக்கும்போது பார்வையின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெட்டும். ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் டியூப் லைட் ஒழுங்காக எரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஸ்டார்ட்டரை மாற்றினேன். நிற்கவில்லை. சோக்கையும் மாற்றினேன்.

மூன்றாவது, நிழல். கையில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பக்கத்தின் அடிப்பாகம் இருட்டாக இருந்தது. மேஜை விளக்கை வலது பக்கம் வைத்தேன், இடது பக்கம் வைத்தேன், ஸ்டூல் போட்டு உயரத்தில் வைத்தேன். "ஒரு விளக்கை எத்தனை தடவைங்க குடித்தனம் மாத்துவீங்க?" என்றாள் விஜயா. விஜயா என் மனைவி. வேலூர்க்காரி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வலது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். ஆள் வருவது தெரியும், எழுத்து தெரியாது. ஐந்து வயதில் யாராவது கவனித்துக் கண்ணாடி போட்டுப் பழக்கியிருந்தால் தேறியிருக்குமாம். யாரும் கவனிக்கவில்லை. ஆகவே நான் படித்ததெல்லாம் இடது கண்ணால். தொழிற்சாலையில் பாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலையும் அந்தக் கண்ணால்தான். நான் எழுதிப் பத்திரிகைகளில் வந்த முப்பத்துச் சொச்சம் கதைகளும் அந்த ஒரு கண்ணின் தயவு. அது போனால் எனக்கு மாற்று இல்லை.

உண்மையைச் சொன்னவன் தாமு. ஆவடி மார்க்கெட் பக்கம் வாடகைக்குப் புத்தகம் விடும் கடை வைத்திருந்தான். அவன் கொடுத்த ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன்.

"என்னப்பா தாமு, பக்கமெல்லாம் புள்ளி. கரையான் அரிச்ச புத்தகத்தையெல்லாம் குடுக்கிறியே?"

அவன் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டினான். "இன்னா சார் சொல்றே? நேத்துதான் வந்த புக்கு. உனக்குத்தான் மொதல்ல குட்த்தேன். புள்ளி எங்க கீது?"

"இதோ" என்று விரலை வைத்தேன். விரல் போவதற்குள் புள்ளி நகர்ந்துவிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி நகர்ந்தது. தாமு என் விரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டுத் தன் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரைக் காட்டினான்.

"இப்ப இங்க பாரு சார். புள்ளி தெரீதா?"

தெரிந்தது. சுவர் முழுக்க மிதந்தது. அடியில் நிழலும் இருந்தது.

"புக்குல இல்ல சார். உன் கண்ணுலதான் கீது. இந்த மாசத்துக்கு உனக்கு நான் புக்கு தர மாட்டேன். ஓடு, டாக்டராண்ட போ."

மறுநாள் விஜயாவும் நானும் பூந்தமல்லியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, வேலப்பன்சாவடி பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு கண் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். "இன்னைக்கே போங்க. பஸ்ல வேணாம், ஆட்டோவில போங்க. ஆட்டோவையும் மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றார். ஆட்டோவில் ஏறியதும் அந்த 'மெதுவா'வை நானே டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அங்கே காத்திருந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். கண்ணின் கருமணி பெரிதாக விரிவதற்காகக் கால் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டார்கள். எனக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் எதையாவது படித்தாக வேண்டும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், வடை சுற்றிய தாள், எதுவானாலும் சரி. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. அதைப் பத்துத் தடவை படித்தேன். எதிர் வரிசையில் ஒரு பெண் பிடித்திருந்த துணிக்கடைப் பையைப் படித்தேன். சொட்டு மருந்து வேலை செய்யச் செய்ய, பையில் இருந்த எழுத்து கரைந்தது, பிறகு சுவரில் இருந்ததும் கரைந்தது. அப்புறம் படிக்க ஒன்றுமில்லை. எழுந்து நடந்தேன். நர்ஸ் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். "பேனைத் தலையில விட்ட மாதிரி எதுக்கு இப்படி? உக்காருங்களேன்" என்றாள் விஜயா.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. தலையில் விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸை வைத்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று கண்ணின் மூலை முடுக்கெல்லாம் துழாவினார். பிறகு விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் விழுவது அதன் மேல்தான். என் இடது கண்ணில் அதன் மேல்பக்கத்தில் ஓட்டை விழுந்து, அந்த வழியாக நீர் உள்ளே போய், மழைக்காலத்தில் சுவரில் ஒட்டிய காலண்டர் படம் உப்பிக்கொண்டு வருவதுபோலப் படலம் உரிந்து வருகிறது. மேலே உரிந்தால் பார்வையில் கீழே நிழல் தெரியும். படிப்பதற்கு உதவும் நடுப்பகுதிக்கு அது இன்னும் வரவில்லை.

"எவ்வளவு தூரத்துல இருக்குங்க?" என்றேன்.

"கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. புள்ளி வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விஜயா சொல்லிவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூடவே அசையும் என்பதால் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். மல்லாந்து படுக்கவைத்து, தலை திரும்பாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. ஆபரேஷனுக்கு முன் மூன்று நாள் இப்படி. பிறகும் ஒரு வாரம் போல இருக்கும் என்றார்கள். மகள் பத்தாம் வகுப்பு. அவளைக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் ஏதாவது வரும். அதையெல்லாம் அப்போது நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. நான் நினைத்தது ஒன்றே ஒன்று: இனிமேல் படிக்க முடியாதா?

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. இருட்டுக்குள் கிடந்துகொண்டு நான் படித்த புத்தகங்களை எண்ணிப் பார்த்தேன். தொழிற்சாலைக் கேட்டுக்கு நடந்துகொண்டே படித்தவை, பூந்தமல்லியில் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கியவை, ஒரு தொடர்கதையில் விட்டுப்போன ஒரே ஒரு வாரத்துக்காக முத்தாபுதுப்பேட்டை வரைக்கும் சைக்கிள் மிதித்து ஒரு நண்பர் வீட்டில் கெஞ்சி வாங்கியது. அவற்றில் ஒரு பக்கத்தையாவது வரி பிசகாமல் மனதுக்குள் சொல்லிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. இவ்வளவு படித்து ஒரு பக்கம்கூடக் கைவசம் இல்லை. அழுகையாக வந்தது. கட்டு நனையும், அழக்கூடாது என்றார்கள்.

மூன்றாவது முறையாக நான் மணல் மூட்டையைத் தள்ளிவிட்டதும் நர்ஸ் கத்தினாள். அன்று விஜயா வீட்டுக்குப் போய்வந்தபோது ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "நான் படிக்கிறேன், நீங்க பேசாம கேளுங்க" என்றாள்.

அது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. எழுபதுகளில் ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு வருஷத்துக்கும் மேலாக வந்த தொடர்கதை. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி அட்டை போட்டு நானே பைண்டு செய்யக் கொடுத்தது. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இப்படி இரண்டு மூன்று இருக்கும். பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு விதவை தன் புருஷனின் பங்கு நிலத்துக்காக நடத்தும் வழக்குதான் கதை. புத்தகமாக வரவே இல்லை. அது தமிழில் வந்த நல்ல நாவல்களில் ஒன்று என்று நான் மேடையிலேயே பேசியிருக்கிறேன்.

விஜயாவுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. ரேஷன் கடைக்காரர் பெயர் வாசிப்பது மாதிரி ஒரே சுருதியில் படித்தாள். பக்கத்தில் இருந்த எதையும் விடவில்லை. கதைக்கு நடுவே தலைவலி மாத்திரை விளம்பரம் வந்தால் அதையும் படித்தாள். ஒவ்வொரு வார முடிவிலும் 'தொடரும்' என்று படித்தாள். ஓரத்தில் நான் பென்சிலால் கிறுக்கி வைத்த 'பலே', 'இது நம்பும்படி இல்லை' எல்லாவற்றையும் அதே குரலில் படித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பக்கத்தை நான் படிக்கிற நேரத்தில் அவள் ஒரு பத்தியைத் தாண்டவில்லை.

"கொஞ்சம் வேகமா. அந்தச் சமையல் வர்ணனையெல்லாம் விட்டுடு."

"எழுதினவர் சும்மாவா எழுதியிருப்பாரு?" என்று அதையும் முழுசாகப் படித்தாள்.

சங்கடமான விஷயம் என்னவென்றால், அந்தச் சமையல் காட்சியில்தான் அந்தப் பெண் தன் கொழுந்தனைப் பற்றித் தீர்மானத்துக்கு வருகிறாள். ஐந்து தடவை படித்தவன் நான். ஐந்து தடவையும் அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறேன். மேடையில் என்னத்தைப் பேசினேனோ.

பக்கத்துக் கட்டிலில் ஏகாம்பரம் என்று ஒருவர், கண்புரை ஆபரேஷனுக்கு வந்தவர். பூந்தமல்லியைத் தாண்டி ஒரு கிராமம், பரம்பரையாக விவசாயம். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். அவரும் நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவராம். முதல் நாளே கதைக்குள் குதித்துவிட்டார்.

"அந்த வக்கீலு கீறான் பாரு, அவன நம்பாதன்னு அந்தப் பொண்ணாண்ட யாராச்சும் சொல்லுங்கபா" என்பார். "தங்கச்சி, நிறுத்தாதம்மா. அப்பால இன்னா ஆச்சி?"

ஆபரேஷன் அன்று கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு இருந்தது. ஓட்டையைக் குளிரால் உறையவைத்து மூடி, கண் உருண்டையைச் சுற்றிப் பெல்ட் மாதிரி ஒரு சிலிக்கான் பட்டையை வைத்து இறுக்குகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது யாரோ என் முகத்தின் மேல் அமர்ந்து தையல் வேலை பார்ப்பதுபோல இருந்தது. முடிந்ததும் டாக்டர், "படலம் இப்ப படிஞ்சிருக்கு. ஒட்டிக்குமான்னு கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும்" என்றார்.

அந்த வாரம் ஏகாம்பரத்தை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கதை பாதியில் இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, தீர்ப்பு இன்னான்னு மட்டும் சொல்லிடும்மா. தெரியாம ஊட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது."

"நடுவுல விட்டுட்டுக் கடைசியைப் படிக்கிறதா? அதெல்லாம் கூடாது" என்றேன் நான்.

"நீ சும்மா கெட நைனா. நீதான் அஞ்சு வாட்டி பட்ச்சிக்கிறியே" என்றார்.

விஜயா கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். தீர்ப்பு அந்தப் பெண்ணின் பக்கம் ஆகிறது, ஆனால் நிலம் அதற்குள் ஆற்றோடு போயிருக்கிறது. ஏகாம்பரம் 'த்சொ' என்றார். விஜயா 'முற்றும்' என்று படித்தாள். நிற்கவில்லை. பக்கத்தில் இருப்பதையெல்லாம் படிப்பவள் அல்லவா? அடியில் என் பென்சில் எழுத்து இருந்திருக்கிறது. அதையும் அதே குரலில் படித்தாள்.

"விஜயா வேலூர் போய் நாலு நாள். வீட்டில் நிம்மதி. ஒரே மூச்சில் முடித்தேன்."

ஏகாம்பரம் கெக்கெக்கேயென்று சிரித்தார். "இன்னாம்மா இது, உன் பேரும் கதைல வருது?"

புத்தகம் மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கஞ்சி ஆறிடும். வாயைத் திறங்க" என்றாள்.

கல்யாணமான புதிதில் எழுதியது. எழுதியதே மறந்துபோயிருந்தது. அவள் ஸ்பூனால் ஊட்டினாள், நான் விழுங்கினேன். குரல் மாறியதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன், அந்தக் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கண் வேண்டும். அதுவரைக்கும் என் கண் படிப்பதற்காக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து வேறு ஒன்றுக்காகவும் வேண்டிக்கொண்டேன். மறுநாளும் வந்தாள், விட்ட இடத்திலிருந்து படித்தாள். விளம்பரங்களைப் படித்தாள். என் பென்சில் எழுத்து எதையும் படிக்கவில்லை.

கட்டைப் பிரித்தபோது பனிக்குள் நிற்பதுபோல வெளிச்சம் தெரிந்தது. டாக்டர் விரல்களைக் காட்டினார், எண்ணிச் சொன்னேன். விஜயாவை எதிரே நிற்கச் சொன்னேன். மஞ்சள் புடவை தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு கலங்கல். ஒட்டியிருக்கிறது, தெளிய நாளாகும், ஆறு வாரத்துக்கு ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த ஆறு வாரம் வீட்டில் நான் கூண்டில் அடைத்தவன் மாதிரி நடந்தேன். மகளிடம் எரிந்து விழுந்தேன். கண் தானாக எழுத்துக்குப் போய்விடாமல் இருக்கக் காலண்டரைத் திருப்பி மாட்டினேன். விஜயாவிடம் அந்த வரியைப் பற்றிப் பேச வாயெடுப்பேன், அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆறாவது வாரம் மறுபடி மருத்துவமனை. சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார்கள். மேலிருந்து நாலு வரி வந்தது. ஐந்தாவது வரி நெளிந்தது. ஆறாவது வரவே இல்லை. டாக்டர் சொன்னார்: "கண் பிழைச்சுது. ஆனா பழைய மாதிரி மணிக்கணக்காப் படிக்க முடியாது. ஒரு நாளைக்கு அரை மணி. பொடி எழுத்து கடைசி வரைக்கும் கஷ்டம்தான்." சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு அந்த அரை மணி மட்டும்தான் காதில் விழுந்தது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முழுசாகத் தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியாது.

"அந்தப் பென்சில் எழுத்து..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க."

"விட முடியலை. எனக்கு வெக்கமா இருக்கு விஜயா."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நாலு நாள் எங்கம்மா வீட்டுல நான் நல்லாத் தூங்கினேன். எனக்கும் நிம்மதியாத்தான் இருந்தது. என்ன, நான் எழுதி வெக்கலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, அந்த அரை மணியை என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"தெரியலை. ஒரு கதை படிக்கக்கூடப் பத்தாது."

"படிக்கிறதை நான் பாத்துக்கறேன். நீங்க அதுல எழுதுங்க. ஆனா எழுதினதை முதல்ல எங்கிட்டக் குடுக்கணும்."

இருபது வருஷமாக எழுதுகிறேன். ஒரு கதையைக்கூட அவளிடம் நீட்டிப் படித்துப் பார் என்று சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும், குவார்ட்டர்ஸுக்குப் போகும் வழியில் ஒரு நோட்டு வாங்கினேன்.

இதைப் பெரிய பெரிய எழுத்தாக, கோடு போட்ட நோட்டில், பன்னிரண்டு அரை மணிகளில் எழுதினேன். நேற்று அவளிடம் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள், அதே ரேஷன் கடைக் குரலில், ஒன்றையும் விடாமல். அந்தப் பென்சில் வரி வந்ததும் நிறுத்தினாள். அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன். பிறகு அந்த வரியையும் படித்துவிட்டு மேலே போனாள்.